இருமாத குதிரைக்குட்டி

சென்ற ஆண்டு இவ்விதழின் பக்கங்களில், குதிரைக்குட்டிகளுக்கு உண்டாகும் கடும் நுரையீரல் அழற்சியைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பொன்று வெளியாயிற்று. அதன் ஆங்கில மூலத்தைத் தமிழாக்கியவன் நான். சில மாதங்களுக்குப் பின், தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில் பணியாற்றும் கால்நடை ஆய்வாளர் ஒருவரிடமிருந்து டில்லியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தியூரில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தையில் வாங்கப்பட்ட குதிரை ஒன்று ஈன்ற குட்டி, இரண்டு மாதம் நிறைந்த பருவத்தில், நோய் வெளிப்பட்ட மூன்றாம் நாளே மாண்டுவிட்டது என்றும், கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் முழுவதும் பட்டாணி முதல் எலுமிச்சை வரை பருமனுள்ள சீழ்க்கட்டிகள் மண்டியிருந்தன என்றும் அவர் எழுதியிருந்தார். கடிதத்தின் இறுதி வரிகளை அப்படியே தருகிறேன்: “ஐயா, தங்கள் குறிப்பில் நோய்க்குறிகளுள் இருமலை முதலில் வைத்திருந்தீர்கள். நான் இருமலுக்காகக் காத்திருந்தேன். குட்டி இருமவே இல்லை.”

அலமாரியிலிருந்து மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நோய்க்குறிகள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. அதனால் இருமல் முதலிலும், காய்ச்சல் அடுத்தும், விரைவான மூச்சு கடைசியிலும் நின்றன. தமிழிலும் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு என்று எழுதினால் அகர வரிசை பிழையாமல் வந்துவிடுகிறது. மூலத்துக்கு உண்மையாக இருந்தேன் என்ற மனநிறைவோடு ஒப்பமிட்டு அனுப்பிவிட்டேன். நோய் எந்த வரிசையில் வருகிறது என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அக்குட்டியை மாய்த்த கிருமி இன்னதென்று ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யப்படவில்லை. ஆயினும் வயதும், நுரையீரலில் காணப்பட்ட கட்டிகளும், பாலாடைக்கட்டி போன்ற கெட்டிச் சீழும் எதைச் சுட்டுகின்றன என்பதை இத்துறையினர் அறிவர். இக்கட்டுரை அந்த ஆய்வாளருக்கு நான் பகிரங்கமாக எழுதும் மறுமொழி. இதில் கூறப்படும் கருத்துகளுக்கு நானே பொறுப்பு.

(அச்சகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்பில் ‘க்’ சேர்த்து ‘இருமாதக் குதிரைக்குட்டி’ ஆக்கிவிட வேண்டாம். அவ்வாறு ஆக்கினாலும் பொருள் கெடாது. மாண்ட குட்டிக்கு வயது இரு மாதம்தான்.)

பெயரைப் பற்றிச் சிறிது சொல்லி மேலே செல்கிறேன். தொல்காப்பிய மரபியல், இளமைப் பெயர்களை வகுக்குமிடத்தில் குதிரையின் இளமையை ‘மறி’ என்கிறது. இன்று மறி என்றால் ஆட்டுக்குட்டியே நினைவுக்கு வரும். ஆகவே எல்லோரும் வழங்கும் ‘குட்டி’யையே நானும் வழங்குகிறேன். கிருமியின் பெயரோ இன்னும் தொல்லை தருவது. 1923-இல் சுவீடன் நாட்டில் மாக்னுசன் என்பார் நோயுற்ற குட்டிகளின் நுரையீரலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தபோது கோரினிபாக்டீரியம் ஈக்வை என்ற பெயர் வழங்கிற்று. 1977-இல் ரோடோகாக்கஸ் ஈக்வை ஆயிற்று. ரோடோ என்பது ரோஜா நிறத்தைக் குறிக்கும். வளர்தட்டில் சில நாள் வைத்தால் இதன் திரள்கள் வெளிர் ரோஜா நிறம் கொள்கின்றன. இப்பெயரையும் மாற்ற வேண்டுமென்ற வழக்கு அறிஞரிடையே இன்னும் தீரவில்லை. மொழிபெயர்ப்பாளன் இவ்வழக்கில் தலையிடாமல் ஒலிபெயர்த்துக்கொண்டு போவதே நலம்.

இக்கிருமி வெளியூரிலிருந்து வரும் பகை அன்று. குதிரை நிற்கும் மண்ணிலும் அதன் சாணத்திலும் வாழ்வது. வடஇந்தியக் குதிரைப் பண்ணைகளின் மண்ணிலும், அங்குள்ள குட்டிகளின் மூக்குத் தொண்டைப் பகுதியிலும் இது இருப்பதை நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதியிருக்கின்றனர். மண்ணிலுள்ள எல்லா ரோடோகாக்கஸும் நோய் விளைப்பதில்லை. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபுவளையம் ஒன்றைத் தன்னுள் கொண்ட வகையே குட்டியைத் தாக்க வல்லது. 1991-இல் இது தெளிவாயிற்று. அவ்வளையத்தின் துணையால் உண்டாகும் ஒரு புரதம், நுரையீரலின் காவலனாகிய பெருவிழுங்கணு கிருமியை விழுங்கிய பிறகும் அதனைச் செரிக்கவிடாமல் தடுக்கிறது. சிறைக்கூடமே விருந்தினர் விடுதி ஆகிவிடுகிறது. காவலணுவினுள் பெருகிய கிருமி அதனை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. சுற்றிலும் அணுக்கள் திரண்டு மடிந்து சீழ்க்கட்டி ஆகின்றன. காசநோய்க் கிருமி மனிதரிடம் செய்யும் தந்திரமும் இதை ஒத்ததே. இரண்டும் உறவுடைய குலத்தைச் சேர்ந்தவை.

வளர்ந்த குதிரையை இக்கிருமி பெரும்பாலும் தொடுவதில்லை. மூன்று வாரம் முதல் ஐந்து ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளே இதற்கு இரையாகின்றன. குதிரையின் நச்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் கருவுக்குச் செல்வதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. பிறந்த முதல் நாளில், அதிலும் முதல் சில மணி நேரத்தில், அது குடிக்கும் சீம்பாலே அதன் முதல் கவசம். அக்கவசமும் சில வாரங்களில் தேய்ந்துவிடும். சொந்தப் பாதுகாப்போ இன்னும் முதிர்ந்திராது. மேலும், தொற்று நிகழ்வது பிறந்த முதற் சில நாட்களிலேயே என்றும், நோய் வெளிப்படுவதே வாரங்கள் கழித்து என்றும் கருதச் சான்றுகள் உள்ளன. நம்பத்தக்க தடுப்பூசி இன்றளவும் பரவலான வழக்குக்கு வராமைக்கு இதுவும் ஒரு காரணம். ஊசி பலன் தருவதற்குள் கிருமி குடியேறிவிடுகிறது.

டில்லியில் இருபது கோடைகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். இங்கே சித்திரை வைகாசி மாதங்களில் ‘லூ’ என்னும் அனல் காற்று வீசும். ‘ஆந்தி’ என்னும் புழுதிப் புயல் எழுந்தால் நண்பகலில் விளக்கேற்ற வேண்டிவரும். வடநாட்டில் குதிரைகள் பெரும்பாலும் தை மாதம் தொடங்கி ஈனுகின்றன. அவ்வாறு பிறந்த குட்டி இரண்டு மூன்று மாதப் பருவத்தை அடையும்போதுதான், அதாவது தாயின் கவசம் தேய்ந்த அதே வாரங்களில்தான், காற்றில் புழுதி மிகுகிறது. கிருமி நுரையீரலைச் சேர்வது சுவாசித்த புழுதியின் வழியே. நோயுற்ற குட்டி தன் சளியை விழுங்குவதால் அதன் குடலிலும் கிருமி பெருகிச் சாணத்தோடு வெளியேறுகிறது. சாணம் வெயிலில் காய்ந்து பொடியாகி மீண்டும் புழுதியாகிறது. டில்லியைச் சூழ்ந்த காசியாபாத், பாக்பத், ஜஜ்ஜர் வட்டாரச் செங்கற்சூளைகளைக் கண்டவர்கள், வண்டியிழுக்கும் தாயின் பின்னால் செம்புழுதியில் ஓடிவரும் குட்டிகளைப் பார்த்திருப்பார்கள். பந்தயக் குதிரைப் பண்ணையில் பிறக்கும் குட்டிக்குக் கொட்டிலும் மருத்துவரும் உண்டு. சூளைக் குட்டிக்கு உள்ளது அதன் தாய் மட்டுமே.

இனி நோய்க்குறிகளைப் பற்றி. நோய் முற்றும் வரை குட்டி பெரும்பாலும் பால் குடிக்கும், துள்ளும், உரிமையாளரை ஏமாற்றும். நுரையீரலின் பெரும்பகுதி கெட்ட பின்னரே, ஒரே நாளில் வீழ்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது பல வாரங்களாகவே நோயுற்றிருந்தது. முதலில் கூர்ந்து காண வேண்டியவை இரண்டு: மூச்சின் எண்ணிக்கையும் உடலின் வெப்பமும். ஒரு மாதம் கடந்த குட்டி, நிழலில் அமைதியாக நிற்கையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபது முதல் நாற்பது முறை மூச்சுவிடும். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், மூக்குத் துளைகள் விரிந்தால், மூச்சை வெளிவிடும்போது விலாவுக்குக் கீழே வயிறு எக்கி இறங்கினால், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. வெப்பம் 102 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவதும் அவ்வாறே. வெயில் ஏறிய பின் எண்ணினால் நலமான குட்டியும் மிகுதியாக மூச்சு விடும். ஆகவே விடியற்காலையில் எண்ணுவது நன்று. சில குட்டிகளுக்கு மூட்டுகள் வீங்கும், சிலவற்றுக்குக் கழிச்சலோ கண் அழற்சியோ தோன்றும். நுரையீரல் நோயோடு இவற்றை முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தவறக்கூடாது. ஒரு கைக்கடிகாரம், ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றையும் கொண்டு, வாரம் இருமுறை இதனைச் செய்யலாம். பெரிய பண்ணைகளில் நெஞ்சை அல்ட்ரா சவுண்டு கருவியால் பார்க்கிறார்கள். அக்கருவி நம் கிராமங்களுக்கு வரும் நாள் வரை கைக்கடிகாரத்தை எள்ளி ஒதுக்கக் காரணம் இல்லை.

மூக்கிலிருந்தோ சாணத்திலிருந்தோ மாதிரி எடுத்துக் கிருமியைக் கண்டால் மட்டும் நோய் உறுதியாகாது. நலமுள்ள குட்டியிடமும் அது இருக்கும். மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரில் கிருமியையும், மேலே கூறிய பிளாஸ்மிட்டின் அடையாளத்தையும் காண வேண்டும். இதே வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகளும், சில வைரஸ்களும் நுரையீரலைத் தாக்குகின்றன என்பதையும் மறக்கலாகாது.

என் கருத்து வேறுபடக்கூடிய இடம் சிகிச்சை. ஆகவே இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன்.

பெனிசிலினும் ஜென்டமைசினும் களத்தில் எளிதில் கிடைப்பவை. ஜென்டமைசின் ஆய்வுத்தட்டில் இக்கிருமியை நன்றாகவே கொல்கிறது. குட்டியின் உடலில் தோற்றுப்போகிறது. கிருமி அணுவினுள் ஒளிந்திருக்க, மருந்து வாயிலிலேயே நின்றுவிடுகிறது. எரித்ரோமைசினையும் ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்த பின்னரே நிலை மாறிற்று; 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் அவ்வாறு மருந்து பெற்ற 57 குட்டிகளுள் 50 பிழைத்தன. முன்பு கடும் நோயுற்றவற்றுள் பெரும்பாலானவை மாண்டன என்பதை நினைத்தால் இது பெரிய வெற்றியே. பின்னர் எரித்ரோமைசினின் இடத்துக்கு அஸித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் வந்தன. சிகிச்சை வாரக்கணக்கில் நீளும்.

வெற்றிக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலப் பண்ணை ஒன்றில் 2001 முதல் எல்லாக் குட்டிகளின் நெஞ்சையும் கருவியால் சோதித்து, கட்டி தென்பட்டவற்றுக்கெல்லாம், நோய்க்குறி இல்லாவிட்டாலும், இவ்விணைமருந்தைக் கொடுத்தனர். முதலில் சாவு குறைந்தது. சில ஆண்டுகளில் இரு மருந்துகளுக்கும் அஞ்சாத கிருமிகள் தோன்றின. பின்னர் அவை வேறு பண்ணைகளிலும் மண்ணிலும் காணப்பட்டன. இதற்கிடையில் செர்மனியில், சிறு கட்டிகள் மட்டுமுள்ள குட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், மருந்து பெறாத குட்டிகளும் ஏறக்குறைய அவ்வளவே தேறின என்று காட்டின. தானே ஆறக்கூடிய நோய்க்குக் கொடுத்த மருந்து, ஆறாத நோய்க்கு வேண்டிய மருந்தைக் கெடுத்துவிட்டது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. ரிஃபாம்பிசின் என்பது நம் மக்களின் காசநோய்ச் சிகிச்சைக்கு முதுகெலும்பு. உலகின் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர். குட்டிக்குக் கொடுத்த மாத்திரையிலிருந்து மனிதனின் காசநோய்க் கிருமி நேரே எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொள்ளும் என்று நான் கூறவில்லை. அதற்குச் சான்றும் கேட்கமாட்டேன். ஆனால் இம்மருந்து மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பண்டமாகிவிட்டால், அதைக் கேட்பவர் குட்டிக்குக் கேட்கிறாரா, இருமுகின்ற தம் வீட்டு முதியவருக்குக் கேட்கிறாரா என்பது கடைக்காரருக்குத் தெரியாது. ஆகவே பொதுமக்கள் கையேடுகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் இம்மருந்தின் அளவை அச்சிடுவதை நான் எதிர்க்கிறேன். அளவு மருத்துவரின் கைச்சீட்டில் இருக்கட்டும். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, “அறிவை மறைப்பது அறிவியல் இதழுக்கு அழகா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மருந்தின் அளவைத் தெரிவிக்கும் அதே பக்கத்தில், தாய்க்குதிரை அம்மருந்தை நக்கினால் அதற்குக் கொல்லும் கழிச்சல் வரக்கூடும் என்பதையும், எரித்ரோமைசின் வகை மருந்து குட்டியின் வியர்வையைத் தடுத்து உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும் என்பதையும், மருந்துண்ணும் குட்டியை டில்லியின் மே மாத வெயிலில் அரை நாள் கட்டிவைத்தால் நோயன்றி மருந்தே அதைக் கொன்றுவிடலாம் என்பதையும் எழுதியாக வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுபவை இவ்வெச்சரிக்கைகளே என்பது என் பதினெட்டு ஆண்டு அனுபவம்.

களத்திலுள்ள மருத்துவர் வேறொன்று கேட்பார்: “கருவியில்லை, ஆய்வுக்கூடம் தொலைவில், காத்திருந்தால் குட்டி சாகும். நான் என்ன செய்ய?” அவருக்கு என் விடை நேரானது. மூச்சிரைத்து நிற்கும் குட்டிக்கு உடனே, முழு அளவில், முழுக் காலமும் சிகிச்சை செய்யட்டும். அதன் அருகில் துள்ளி விளையாடும் மற்றக் குட்டிகளுக்கு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மருந்தைப் பங்கிட வேண்டாம். அவற்றின் மூச்சை எண்ணச் சொல்லட்டும்.

அரசின் கவனத்தைப் பற்றியும் ஒரு சொல். 2018-இன் தொடக்கத்தில் டில்லியிலேயே குதிரைகளிடம் கிளாண்டர்ஸ் கண்டறியப்பட்டபோது மாநகரம் விழித்துக்கொண்டது. குதிரைகளின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. மனிதருக்கும் பரவிக் கொல்லும் நோயாதலின் அது முறையே. ஆனால் சட்டப் பட்டியலில் இல்லாத நோயால் மாளும் குட்டிக்கு எந்தப் படிவமும் இல்லை. பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்றோ ‘சளி’ என்றோ ஒரு சொல், பல இடங்களில் அதுவும் இல்லை. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் ஏறத்தாழ 6.2 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-இல் 3.4 லட்சமாகக் குறைந்தன. மோட்டார் வண்டிகளே இதற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறைந்துகொண்டே வரும் இனத்தில் பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் எதனால் மாள்கிறது என்று அறிய முயலாமல் இருப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஹிசாரில் 1985-இல் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் டில்லிக்கு அரை நாள் பயணத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலோ இராணிப்பேட்டையிலும் மாதவரத்திலும் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. மாண்ட குட்டியின் நுரையீரலில் ஒரு துண்டைப் பனிக்கட்டியில் வைத்து, மருத்துவரின் கடிதத்தோடு அனுப்பிவைத்தால் அடுத்த குட்டிக்கு அது பயன்படும். என் ஆய்வாளர் நண்பர் இதைச் செய்யவில்லை. செய்யலாம் என்று என் குறிப்பும் அவருக்குச் சொல்லவில்லை.

தடுப்பு முறைகள் எளியவை. ஆகையால் சுருக்கிக் கூறுகிறேன். குட்டி பிறந்த சில மணிக்குள் சீம்பால் குடித்ததா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்க. சாணத்தை நாள்தோறும் அகற்றுக. அதைக் குட்டி நிற்குமிடத்தின் காற்று வீசும் பக்கத்தில் குவிக்காதீர். புல்லற்ற மண்தரையில் பல தாய்களையும் குட்டிகளையும் ஒன்றாக அடைப்பதைத் தவிர்த்து, முடியாதவிடத்துத் தரையில் நீர் தெளிக்க. வீட்டு வாசலில் சாணம் தெளிக்கும் நம் வழக்கத்தைக் குதிரைக் கொட்டிலுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். அங்கே வெறும் நீரே போதும். எதிர்ப்பொருள் செறிந்த குதிரைக் குருதிநீரைப் பிறந்த குட்டிக்கு ஏற்றும் முறை வெளிநாட்டுப் பண்ணைகளில் உண்டு. அது எல்லா இடத்திலும் ஒரே பலனைத் தரவில்லை; செலவும் மிகுதி.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். சூளைகளுக்கும் சந்தைகளுக்கும் அருகிலுள்ள பள்ளிகளில் குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். குட்டியோடு நாள் முழுவதும் இருப்பவர்கள் அவர்களே. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது நான்காம் வகுப்புக் கணக்கு. ஒரு வாரத்து எண்களைக் கட்டத்தாளில் குறித்துக் கோடிடுவது ஏழாம் வகுப்புக் கணக்கு. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லுங்கள்: உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களை, குறிப்பாக எச்.ஐ.வி. தொற்றுடையோரை, இக்கிருமி அரிதாகத் தாக்குவதுண்டு. மனிதரிடம் முதன்முதலாக இது 1967-இல் பதிவாயிற்று. நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமியைப் போலவே தோன்றி மருத்துவரை மயக்குவதும் உண்டு. நலமுள்ள பிள்ளைகள் குட்டியைத் தொட அஞ்ச வேண்டியதில்லை.

ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்தில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் இரண்டு வரியில் பதில் எழுதினார்: அந்த வீட்டில் மறு சூல் கொண்ட குதிரை தை மாதம் ஈனும், கடிகாரம் வாங்கிவிட்டேன் என்று. குறிப்பின் மறுபதிப்புக்காக நோய்க்குறிகளை வேறு வரிசையில் எழுதி வைத்திருக்கிறேன். மூச்சின் எண்ணிக்கை முதலில், வெப்பம் அடுத்து, இருமல் கடைசியில், ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்ற சொற்களோடு. மூலத்தின் வரிசையை மொழிபெயர்ப்பாளன் மாற்றியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். கோப்பு இன்னும் திரும்பி வரவில்லை.